ரோஸி தொலைந்து போனாரா?

'செல்லுலாய்ட்' (2013) படத்தைப் போன வாரம் இரண்டாவது தடவையா பார்த்தேன். இயக்கியது நம்ம கமல் இல்லை, மலையாள கமல். முதல் தடவை கண் கலங்கினேன். இந்தத் தடவை கொஞ்சம் கோபம்தான் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமா: மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்', மௌனப்படம். எடுத்தவர் ஜே.சி. டேனியல். நாயகி பி.கே. ரோஸி, புலையர் சமூகத்துப் பெண். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம். திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் படம் ஓடியபோது, ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று திரையில் கல் எறிந்தார்கள். ரோஸி ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. லாரியில் ஏறி நாகர்கோவில் வந்து, அந்த லாரி டிரைவரையே கல்யாணம் செய்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். படத்தின் பிரதியும் மிஞ்சவில்லை.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'தொலைந்த நாயகி' என்ற சொல்லை விடுவதே இல்லை. 'செல்லுலாய்ட்' எடுத்தாண்ட வினு ஆபிரகாமின் நாவலுக்கும் 'நஷ்ட நாயிகா' என்றுதான் பெயர். எனக்கு உறுத்துவது இந்தச் சொல்தான்.

எங்க ஊர் திருச்செந்தூரிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் ரெண்டு, ரெண்டரை மணி நேரம். திருவனந்தபுரத்திலிருந்தும் சுமார் 70 கிலோமீட்டர்தான். 'தமிழ்நாட்டுக்கு ஓடிப்போனார்' என்று எழுதுகிறார்கள். அன்றைக்கு நாகர்கோவில் இருந்ததே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்! குமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அவர் ஓடியது அதே சமஸ்தானத்துக்குள்ளேயே.

சரி, பிற்பாடு வந்த எல்லைதான் காரணம் என்றால் டேனியலும் தொலைந்திருக்கணுமே? அவர் கடைசிக் காலத்தில் இருந்தது கன்னியாகுமரி பக்கத்து அகஸ்தீஸ்வரத்தில். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அவரைத் தேடிப் போய்ப் பார்த்து எழுதினார். டேனியல் 1975-ல் இறந்தார். 1992-லிருந்து அவர் பெயரில் கேரள அரசு விருது இருக்கிறது. ரோஸி 1980-களின் பிற்பகுதி வரை உயிரோடு இருந்தார். குன்னுக்குழி எஸ். மணி போன்ற ஓரிருவர் அவருக்காக எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். சினிமா உலகத்துக்குத்தான் அவசரம் இல்லை.

'செல்லுலாய்ட்' ரோஸிமேல் நிஜமாகவே இரக்கப்படுகிறது, சாந்தினியும் நன்றாக நடித்திருக்கிறார். ஆனால் அந்தத் துரத்தலுக்குப் பிறகு கேமரா டேனியல் பின்னால் போய்விடுகிறது. அவர் முதுமை, வறுமை, கடைசியில் அங்கீகாரம். லாரி ஏறியதோடு ரோஸி கதை முடிந்த மாதிரி. அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார் அந்த மனுஷி.

எங்கள் தொழிலில் ஒரு ஃபைலைக் காணோம் என்றால், தானாகப் போனதா, யாராவது அழித்தார்களா என்று முதலில் லாக்கில் பார்ப்போம். இங்கே லாக் தெளிவாகவே இருக்கிறது: தொலைந்தது படம். ரோஸியைத் துரத்தினார்கள், அப்புறம் தேடவில்லை.

என் பழைய குறிப்பு ஒன்றில் நானும் 'தொலைந்த நடிகை' என்றுதான் எழுதியிருந்தேன். இன்று காலை திருத்திவிட்டேன்.