உடம்புள்ள கடவுளும் உடம்பில்லாத கடவுளும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பரங்கிமலை ஏழாவது ஸ்டேஷன். அந்தப் பயணத்தில் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு துண்டுப் பிரசுரங்கள் கிடைத்தன. ஒன்று, இயேசு தேவகுமாரன்தான் என்று பைபிளிலிருந்து வசனம் வசனமாக எடுத்து அடுக்குவது. இன்னொன்று, ஈஸா அவர்கள் நபியே தவிர கடவுள் அல்ல என்று அதே பைபிளிலிருந்தே எடுத்து அடுக்குவது. இரண்டையும் வீட்டில் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆயாவின் தம்பி பல்லாவரம் பக்கம் பள்ளிவாசலுக்குப் போகிறவர். ஆயாவின் மூத்த மகள், என் பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதவர். ஆயா மட்டும் கடைசிவரை கன்னியம்மனை விடவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆயா கேட்டது இதுதான்: "எல்லாம் சர்ரா. இந்த ரெண்டு சாமில எந்தச் சாமி நம்மள உள்ள வுடும்?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பிரசுரத்திலும் வசனம் கிடையாது. மேடை போட்டு நடக்கும் விவாதங்களிலும் கிடையாது. ஆனால் கடவுள் யார், தூதர் யார் என்ற வேறுபாட்டையே அற்பம் என்று தள்ளிவிட்டு 'எல்லாம் சாதிதான்' என்று முடித்துக்கொள்வதும் நமது சோம்பேறித்தனம். அந்த வேறுபாடு நமக்கு முக்கியமானது. எந்தக் கடவுளை நம்புகிறோம் என்பதில் எந்த மாதிரிச் சமத்துவத்தைக் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது.

வேறுபாட்டை நேர்மையாகச் சொல்லிப் பார்ப்போம். இரண்டும் ஒரே கடவுள் என்கின்றன. இரண்டுக்கும் ஆபிரகாம் உண்டு, இப்ராஹீம் உண்டு. மோசே உண்டு, மூஸா உண்டு. தீர்ப்பு நாள் உண்டு. குர்ஆனில் 19ஆவது அத்தியாயத்தின் பெயரே மர்யம். ஈஸா கன்னியின் மகன், மஸீஹ், அற்புதங்கள் செய்தவர் என்பதை முஸ்லிம் மறுப்பதில்லை. பிரச்சினை அதற்கு அடுத்த அடியில் வருகிறது. அல்லாஹ் யாரையும் பெறவில்லை, யாருக்கும் பிறக்கவில்லை. அவனுக்கு இணை வைப்பது ஷிர்க், பாவத்திலெல்லாம் பெரிய பாவம். ஈஸா சிலுவையில் அறையப்படவில்லை. ஆதம் தொடங்கி வந்த நபிமார் வரிசை முஹம்மது நபியோடு முத்திரையிடப்பட்டு முடிந்தது. கிறிஸ்தவமோ இதற்கு நேர் எதிரில் நிற்கிறது. தீர்க்கதரிசிகள் வழி காட்டினார்கள், வந்தவர் தீர்க்கதரிசி மட்டுமல்ல, வார்த்தையே மனிதனாயிற்று, கடவுள் அடி வாங்கிச் செத்தார், எழுந்தார். 325இல் நிசேயாவிலும் 451இல் கல்செதோனிலும் சபைகள் கூடி அடித்துக்கொண்டது இதைச் சொல்லும் விதத்துக்காகத்தான்.

விவாத மேடைக்காரர்கள் குர்ஆனையும் பைபிளையும் எதிரெதிரே வைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. முஸ்லிமுக்குக் குர்ஆன் இருக்கும் இடத்தில் கிறிஸ்தவனுக்கு இயேசுவே இருக்கிறார். ஒரு பக்கம் வார்த்தை புத்தகமாக இறங்கியது, இன்னொரு பக்கம் உடம்பாக இறங்கியது.

நமக்கு விஷயம் இந்த உடம்பில்தான் இருக்கிறது. புருஷனின் வாயிலிருந்து ஒருத்தன், தோளிலிருந்து ஒருத்தன், தொடையிலிருந்து ஒருத்தன், காலிலிருந்து ஒருத்தன், காலுக்கும் கீழே நாம் என்று எழுதிவைத்த மண் இது. கடவுளுக்கு உடம்பு இருந்தால்தானே தலை என்றும் கால் என்றும் வரும்? உருவமில்லாத, பெறாத, பிறக்காத ஒரு கடவுளுக்குக் கால் கிடையாது. அதனால் காலில் பிறந்தவனும் கிடையாது. எந்த அரசனும் எந்த அர்ச்சகனும் அவனுக்கு ஜாடையில் கிட்டத்தில் இல்லை. எல்லோரும் ஒரே தூரத்தில் நிற்கிறார்கள். தவ்ஹீத் என்று ஆலிம்கள் சொல்வதைச் சேரியிலிருந்து கேட்டால் எனக்கு இப்படித்தான் கேட்கிறது.

கிறிஸ்தவம் தருவது வேறு பதில். கடவுளுக்கு உடம்பு உண்டு, ஆனால் அது சவுக்கடி பட்ட உடம்பு, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொல்லப்பட்ட உடம்பு. அரவிந்த் நிர்மல் 1981இல் பெங்களூர் இறையியல் கல்லூரியில் இந்தியக் கிறிஸ்தவ இறையியலின் பார்ப்பன மோகத்தைக் கண்டித்துப் பேசி, பிறகு சென்னை குருகுலத்தில் தலித் இறையியலுக்கு வடிவம் கொடுத்தார். கிறிஸ்துவே தலித் என்று அவர் சொல்ல முடிந்தது இந்த உடம்பினால்தான். நொறுக்கப்பட்டவன் என்பதுதானே தலித். ஒரு முஸ்லிம் இதைச் சொல்லவே முடியாது; அல்லாஹ்வை நொறுக்கப்பட்டவன் என்றால் அது குஃப்ர் ஆகிவிடும்.

ஆக, நம்ம மாதிரியே ஆகிவிட்ட கடவுள் ஒன்று, யார் மாதிரியும் இல்லாத கடவுள் ஒன்று. சாதிக்கு எதிராக இரண்டு தனித்தனி வாதங்கள். எனக்கு இரண்டாவதுதான் கெட்டியானதாகப் படுகிறது. பெரியம்மா இருந்தால் சண்டைக்கு வருவார்.

தூதர் விஷயத்திலும் இதே மாதிரிதான். பைபிளின் தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவும் செய்கிறான்; நாத்தான் அரண்மனைக்குள் போய் முகத்துக்கு நேரே கேட்கிறான். ஆமோஸ் மாடு மேய்த்தவன், அத்திக்காய் பார்த்தவன். அங்கே தீர்க்கதரிசி என்றால் அதிகாரத்தை ஏசுகிறவன். அவனே தப்பும் செய்யலாம். இஸ்லாத்தில் நபிமார்கள் பாவத்திலிருந்து காக்கப்பட்டவர்கள். தாவூதும் நபி, அவரைப் பற்றி அந்தக் கதையைப் பேசுவதே அபச்சாரம். ஆனால் எத்தனை உயர்ந்தாலும் நபி மனிதர்தான், வணக்கத்துக்கு உரியவர் அல்லர். தமிழில் இந்த வித்தியாசம் வார்த்தையிலேயே மங்கிப்போகிறது. பழைய புராட்டஸ்டன்ட் பைபிளில் தீர்க்கதரிசி. அதைக் கேட்டால் வருங்காலம் பார்க்கிற ஜோசியக்காரன் ஞாபகம் வருகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இறைவாக்கினர். முஸ்லிம்களுக்கு நபி, ரசூல். ரசூல் என்றால் அனுப்பப்பட்டவர், தூதர், சேதி கொண்டுவருகிறவர்.

சேதி கொண்டுபோவது யார் வேலை என்று நமக்குத் தெரியும். ஊரில் சாவு விழுந்தால் ராவோடு ராவாகப் பத்து ஊர் நடந்து எழவுச் சேதி சொன்னவர் என் தாத்தா. சேதியை வாசலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும். அழுதுகொண்டே வாங்கிக்கொள்வார்கள், கூலியைத் தூக்கிப் போடுவார்கள். சேதிக்கு மரியாதை உண்டு, சேதி சொல்கிறவனுக்குக் கிடையாது. நபிமாரோடு தாத்தாவை ஒப்பிடவில்லை. ஆனால் சேதி சொல்கிறவர் சாமி அல்ல, மனிதர், இருந்தாலும் மனிதரில் உயர்ந்தவர் என்று ஒரு மதம் சொல்லும்போது எங்கள் வீட்டில் ஏன் ஒருவர் அதன் பின்னால் போனார் என்பது எனக்குப் புரிகிறது. மதீனாவில் பாங்கு சொல்ல நிறுத்தப்பட்டவர் அபிசீனிய அடிமையாக இருந்த பிலால் என்பதையும் மாமா அடிக்கடி சொல்வார்.

இனி பரங்கிமலைக்கு வருகிறேன். மலைமேல் 1523இல் போர்த்துகீசியர் கட்டிய கோயில் இருக்கிறது. உள்ளே பஹ்லவி எழுத்து பொறித்த கற்சிலுவை, 1547இல் கிடைத்தது. பாரசீகக் கிறிஸ்தவர்களின் சிலுவை அது. மரியாளைக் கடவுளின் தாய் என்று சொல்லத் தயங்கிய சபை அவர்களுடையது. அதாவது இயேசுவில் கடவுள் எவ்வளவு, மனிதன் எவ்வளவு என்ற வழக்கு இந்த மலைக்குப் போர்த்துகீசியருக்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் நான் பேச வந்தது சிலுவையை அல்ல, மார்க்கோ போலோவை.

1290களில் இந்தக் கரைப் பக்கம் வந்த போலோ, 1298இல் ஜெனோவா சிறையில் இருந்தபடி சொல்லி எழுதவைத்த பயணக் கதையில் தோமாவின் கல்லறையைப் பற்றிச் சொல்கிறார். மயிலாப்பூர்க் கல்லறை என்று நாம் அறிந்தது. அங்கே கிறிஸ்தவர்களும் வருகிறார்கள், முஸ்லிம்களும் வருகிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு அவர் அப்போஸ்தலர். முஸ்லிம்களோ அவர் தங்களைச் சேர்ந்தவர், பெரிய தீர்க்கதரிசி என்கிறார்கள். அப்போஸ்தலரா நபியா என்று தீர்க்காமலேயே இரண்டு கூட்டமும் ஒரே மண்ணைக் கும்பிட்டிருக்கிறது. மத நல்லிணக்கக் கூட்டங்களுக்கு எடுத்துக் கொடுக்க நல்ல உதாரணம்தான்.

ஆனால் அதே புத்தகத்தில், ஒரு அத்தியாயம் முன்னால், இன்னொரு சேதி இருக்கிறது. கோவி என்று ஓர் இனத்தார். மாட்டைக் கொல்ல மாட்டார்கள், மாடு செத்தால் தின்பார்கள். அந்த இனத்தில் ஒருத்தன் மயில் வேட்டையாடும்போது ஆள் இருப்பது தெரியாமல் விட்ட அம்பு பட்டுத்தான் தோமா செத்தாராம். அதனால் அந்த இனத்தார் யாரும் கல்லறை இருக்கும் இடத்துக்குள் நுழைய முடியாதாம். பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து பிடித்து இழுத்தாலும் உள்ளே கொண்டுவர முடியாதாம், புனிதரின் சக்தி அப்படி!

செத்த மாட்டைத் தின்றவர்கள் யார் என்று இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடவுளுக்கு மகன் உண்டா இல்லையா என்பதில் உடன்படாதவர்கள் இருவரும் உள்ளே இருக்கிறார்கள். வெளியே நிற்பது நாம் மட்டும். அதுவும் யாரும் தடுத்ததாகக் கதை சொல்லவில்லை; நம்மால் 'நுழைய முடியாது', அது அற்புதம்! தீண்டாமையைப் புனிதரின் மகிமையாக மாற்றி எழுதிய ஆவணம் என்று இதைத்தான் வாசிக்க வேண்டும். போலோவுக்கு இதைச் சொன்னது யார்? சொன்னவர் முஸ்லிமோ கிறிஸ்தவரோ யாராக இருந்தாலும், கதவு யாருக்குச் சாத்தியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னாளில் வழங்கிய கதையில் கொலை மலைமேல் நடக்கிறது, ஆயுதம் ஈட்டி, குத்தியவர் பார்ப்பனர். நம்ம ஆளு கொலைகாரன் பட்டத்திலிருந்து விடுபட்டுவிட்டான். கூடவே கதையிலிருந்தும் காணாமல் போய்விட்டான்.

அடுத்த புத்தகம் தாம்பரத்தில் வாசிக்கப்பட்டது. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடி வந்தது. 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு அங்கே கூடியது. சீனாவில் நடக்க வேண்டியது, ஜப்பான் படையெடுப்பால் இங்கே வந்தது. அந்த மாநாட்டுக்கென்றே ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். ஜாவாவில் இருந்தவர், இஸ்லாம் படித்தவர். கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் மற்ற மதங்களுக்கும் இடையில் பாலம் இல்லை என்பது அவர் கட்சி. கிறிஸ்தவம் என்கிற மதத்தையும் அந்தத் தீர்ப்பிலிருந்து அவர் தப்பவிடவில்லை. அந்த நேர்மையை மதிக்க வேண்டும். ஆனால் இஸ்லாத்திடம் வரும்போது அவர் தடுமாறுகிறார். உள்ளடக்கத்தில் ஆழமில்லாத மதம் என்கிறார், அப்படிப்பட்டது தன் மக்களை இத்தனை இறுக்கமாகப் பிடித்துவைத்திருப்பது ஒரு புதிர் என்கிறார்.

புதிர் அவருக்குத்தான். சேரியிலிருந்து போய் ஒரு வெள்ளிக்கிழமை தோளோடு தோள் ஒட்டி வரிசையில் நின்றவனுக்கு அதில் புதிர் இல்லை. ஆழத்தை வசனத்தில் மட்டும் தேடினால் வரிசையின் ஆழம் தெரியாது. (அந்த வரிசையில் என் ஆயா நின்றிருக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) கிரேமருக்கு அதே 1938இல் பதில் சொன்ன சென்னைச் சிந்தனையாளர்கள் சக்கரையும் செஞ்சையாவும், இந்துப் பாரம்பரியத்துக்கு என்ன இடம் என்று கேட்டார்கள். யாருடைய பாரம்பரியம்? 1935 அக்டோபரில் அம்பேத்கர் இயோலாவில் 'இந்துவாகச் சாகமாட்டேன்' என்று அறிவித்து மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம் அது.

இயோலா அறிவிப்பைத் தொடர்ந்து நடந்த பேரத்தையும் மறக்கக் கூடாது. 1936இல் இந்து மகாசபையின் மூஞ்சே, முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ ஆகாமல் சீக்கியரானால் ஒடுக்கப்பட்டோர் உரிமைகள் தொடர ஒத்துக்கொள்வதாக ஒரு திட்டம் போட்டார். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா அதை எதிர்த்தார். மதமாற்றம் வேறு, ஆட்களைக் கூட்டமாக இடம் மாற்றுவது வேறு என்றார். ராஜாவின் மற்ற அரசியலோடு எனக்கு ஒப்புதல் இல்லை, இதில் அவர் பார்வை கூர்மையானது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு என்று கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டார்கள், 1990இல் பௌத்தர். கர்த்தரை நம்பியவனும் அல்லாஹ்வை நம்பியவனும் வெளியே. நிசேயாவிலிருந்து தீராத வேறுபாட்டை டெல்லி ஒரே பத்தியில் தீர்த்துவிட்டது: இரண்டும் ஒன்றுதான், அந்நியம்.

உள்ளே மட்டும் என்ன வாழ்கிறது? வடக்கன்குளம் கோயிலில் சாதிக்காரர்களைப் பிரித்துச் சுவர் இருந்தது, 1910இல்தான் இடித்தார்கள். எறையூரில் 2008இல் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டார்கள். 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரம் ரஹ்மத் நகரான போது நாடே அலறியது. ஆனால் மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்ற அடுக்குக்குள் புதிதாக வந்தவன் பெண் கேட்டுப் போனால் என்ன நடக்கும் என்று அலறியவர்கள் யாரும் கேட்கவில்லை.

பெரியம்மா செத்தபோது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். பெட்டி முன்வாசல் வழியாகப் போகவில்லை. நமக்கென்று பின்பக்கம் ஒரு திட்டிவாசல், உள்ளே ஒரு மூலை. சாமியார் வந்தார், ஜெபம் குறைவில்லாமல் நடந்தது. மாமா வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "எங்க கபர்ஸ்தான்ல பின்வாசல் இல்லடா" என்றார். திரும்பி வரும்போது ரயிலில் ஒன்றும் பேசவில்லை. குரோம்பேட்டை தாண்டியதும் அவராகவே சொன்னார்: "பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போனோம் இல்ல, போன மாசம்? பேரு கேட்டாங்க, சொன்னேன். 'இது சரி பாய், முன்ன இன்னா பேரு?'ன்னாங்க."