சாமி மலையேறிய பிறகு

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ அது. 1952-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து அவர் ‘ஜங்கிள்’ என்றொரு படம் எடுத்தார். ராட் கேமரூன், சீசர் ரோமெரோ, மேரி வின்ட்சர் என்று ஹாலிவுட் நடிகர்கள் நடித்தார்கள். காட்டு யானைகள் எதைக் கண்டு மிரண்டு ஊர்களை அழிக்கின்றன என்று ஒரு கூட்டம் காட்டுக்குள் தேடிப் போகிறது. காரணம், என்றோ அழிந்துபோன மாமத். நிஜ யானைகளுக்கே சடைசடையாக ரோமம் போர்த்தி மாமத் ஆக்கியிருந்தார்கள். அந்த ஒப்பனையைவிட எனக்குப் பிடித்தது, அதைக் காட்டாமல் அடக்கி வைத்திருந்த பொறுமை. படத்தில் பெரும்பகுதி நடையும் தேடலும்தான். விலங்கு தலைகாட்டியதும் கதை முடிந்துவிடுகிறது.

இன்றைய பேய்ப்படங்களோ அப்படி முடிவதில்லை; பெயரோடு எண்ணும் சேர்ந்தே வருகிறது. ‘அரண்மனை’ 2014-இல் தொடங்கி 2024-இல் நான்காம் பாகத்துக்கு வந்திருக்கிறது. இந்தத் தொடர்கள் நின்றுவிட வேண்டுமா, ஓட விடலாமா? வசூலை வைத்து இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. முதல் படம் எப்படி முடிந்தது என்று பார்த்துச் சொல்வதே நியாயம். பயத்தைக் கிளப்புவது யாருக்கும் கைவரும். அதை இறக்கி வைப்பதில்தான் கலைஞன் தெரிகிறான்.

பி. வாசுவின் ‘சந்திரமுகி’யை (2005) எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே போகக் கிளம்பும் கங்காவைக் கணவன் செந்தில் தடுக்கிறான். முதலில் அவளுக்கு வருவது சாதாரண மனைவியின் ஏமாற்றம். ஏன் என்று கேட்கிறாள். மறுபடி கேட்கும்போது குரலில் கனம் ஏறுகிறது. கண் அகல்கிறது, புருவம் எழுகிறது, பேச்சு வேறொருத்தியுடையதாகிறது. கட்டிலை ஒரு கையால் தூக்கிவிடுகிறாள். செந்தில் பதறிப்போய் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியதும் முகத்திலிருந்து எல்லாம் வடிந்து, என்ன நடந்தது என்றே தெரியாத கங்கா நிற்கிறாள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த வடிதலைத்தான். ஆவேசம் வருவதை நடித்துக் காட்டியவர்கள் நிறைய உண்டு. அது போனபின் மிஞ்சும் வெறுமையை ஜோதிகா நடித்துக் காட்டினார்.

‘ரா ரா’ பாட்டிலும் இதே நுணுக்கம். கங்காவின் மனத்துக்குள் அது விளக்கொளி நிறைந்த அரசவை; வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குப் பாழடைந்த கூடத்தில் மை கலைந்த முகத்தோடு ஆடும் ஒரு நோயாளி. படம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்களில் அவள் கணவனும் ஒருவன். அந்த வீட்டில் பேய் இல்லை, ஒரு பெண்ணின் மனம் இரண்டாகப் பிளந்திருக்கிறது என்பதே கதையின் அச்சாணி. முடிவும் அதற்குப் பொருத்தமாக அமைகிறது. கங்கா தன்னையே சந்திரமுகி என்று நம்புகிறாள்; அந்தச் சந்திரமுகியை அந்தக் காலத்தில் எரித்தவன் அரசன் வேட்டையன். அவனையே தன் கையால் எரித்துவிட்டதாக அவளை நம்ப வைக்கிறார்கள். எரிவது வெறும் பொம்மை. கணக்குத் தீர்ந்தது, கங்கா மீண்டாள். சென்னை சாந்தி தியேட்டரில் அந்தப் படம் 800 நாட்களைத் தாண்டி ஓடியதில் இந்த நிறைவுக்கும் பங்குண்டு.

2023-இல் அதே வாசு ‘சந்திரமுகி 2’ எடுத்தார். அதில் சந்திரமுகியின் ஆவி நிஜமாகவே உலவுகிறது. வேட்டையன் என்று நாம் அறிந்தவன் செங்கோட்டையன் என்கிறார்கள். பேயே இல்லாத வீட்டில் பேயைக் குடியேற்றியதும் கங்காவின் நோய், அவளைக் குணமாக்கிய டாக்டர் சரவணனின் வைத்தியம், எரிந்த பொம்மை எல்லாமே அர்த்தம் இழக்கின்றன. கற்பூரம் காட்டி மலையேற்றிய சாமியை மறுபடி பிடித்து இழுத்த மாதிரி. இப்படிப்பட்ட தொடர்ச்சி வேண்டவே வேண்டாம்.

கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012) வேறு வகை. பீட்சா கொடுக்கப் போய்ப் பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட மைக்கேலின் கையில் ஒரு டார்ச். திரையில் மீதியெல்லாம் இருட்டு. அந்த வட்ட வெளிச்சம் போகும் இடத்துக்குத்தான் நம் கண்ணும் போக முடியும். விஜய் சேதுபதியின் மூச்சு வாங்கலும் சந்தோஷ் நாராயணனின் இசையும் அந்த இருட்டை இன்னும் இறுக்குகின்றன. பிறகு அத்தனையும் அவன் கட்டிய கதை என்று தெரிந்து நாம் நிம்மதியாகச் சிரிக்கும்போது, கடைசிக் காட்சியில் அவன் பீட்சா கொடுக்கப் போன இன்னொரு வீட்டில் நிஜமாகவே மாட்டிக்கொள்கிறான். உள்ளே என்ன நடந்தது என்று படம் சொல்வதில்லை. அதைத் தியேட்டரைவிட்டு வெளியே வந்த நாம் ஒவ்வொருவரும் நாமே எழுதிக்கொண்டோம். பின்னால் வந்த ‘வில்லா’வும் ‘பீட்சா 3’-உம் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கதை சொன்னதால், மைக்கேலின் கதவு திறக்கப்படாமல் தப்பியது.

‘முனி’யிலிருந்து (2007) ‘காஞ்சனா’வுக்கு (2011) வந்த ராகவா லாரன்ஸும் புதிய ஆவியைத்தான் கொண்டுவந்தார். திருநங்கையாகச் சரத்குமார், அவர் டாக்டருக்குப் படிக்க வைக்கும் வளர்ப்புமகள், பறிபோன நிலம் என்று அந்த ஆவிக்குச் சொந்தக் குறை இருந்தது. தொடர்ச்சிக்கு நியாயம் கொடுத்ததே அந்தக் குறைதான்.

அச்சத்தை முடித்து வைக்கும் கலை எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. மாசி அமாவாசையில் சேலம், நாமக்கல் வட்டாரத்து அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கும். காளி வேடமிட்டவர்கள் வாயில் கோழியைக் கவ்விக்கொண்டு சுடுகாட்டுக்கு ஓடுவார்கள். பிள்ளை வரம் கேட்பவர்கள் வழியில் வரிசையாகக் குப்புறப் படுத்திருக்க, அம்மன் அவர்களைத் தாண்டிப் போகும். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தை அங்காளம்மன் மிதித்து அடக்கிய கதை அது. வருஷா வருஷம் நடந்தாலும் எந்த வருஷமும் அரைகுறையாக நின்றதில்லை. கபாலம் அடங்கும், சாமி மலையேறும், மக்கள் குளித்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

அதனால் தொடர்களை மொத்தமாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். புதுக் குறையோடு புதுப் பேய் வரட்டும், தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொண்டு போகட்டும். ஆனால் ஒரு படம் அரும்பாடுபட்டு அடைந்த முடிவு, பார்த்தவர்களின் சொத்து. எடுத்தவருக்கே ஆனாலும் அதைக் கலைக்கும் உரிமை கிடையாது.