வலியோர்க்கு மட்டுமா மொழி நீதி?

உலகுக்குப் பொதுமொழி ஒன்று வேண்டும். அது ஆங்கிலமாகவே இருக்கட்டும். ஆனால் அதனைக் கற்கும் பாடு ஒருவருக்கு, பயன் இருவருக்கு என்றால் அது நீதியாகுமா? இந்தக் கேள்வியை ஒளிவுமறைவின்றி எழுப்பியவர் பெல்ஜிய நாட்டுப் பேராசிரியர் பிலிப் வான் பரெய்ஸ். 'ஐரோப்பாவுக்கும் உலகுக்கும் மொழி நீதி' என்ற பொருளில் 2011-ல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலை ஆராய்வோம்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டுவோம். ஆங்கிலேயன் தொட்டிலிலேயே பெறுவதை, மற்றவன் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் பொருள் செலவிட்டும் பெறுகிறான். உழைப்பின்றி வரும் அந்த ஆதாயத்துக்கு ஈடு வேண்டும் என்கிறார் ஆசிரியர். பொதுமொழி பரவினும், ஒவ்வொரு மொழியும் தன் மண்ணில் அரசாள வேண்டும். அதுவே சமமதிப்பு என்கிறார். தன்மானமுடையோர் வரவேற்கும் கருத்தன்றோ இது!

ஆனால், அவ்வுரிமைக்கு அவர் ஒரு விலை வைக்கிறார். அதற்கான செலவையும் இழப்பையும் அம்மொழியினர் தாங்க முன்வர வேண்டுமாம். முன்வந்தால் மட்டும் போதுமா?

அவர் பிறந்த பெல்ஜியத்தையே பார்ப்போம். டச்சு பேசும் ஃபிளெமிஷ் மக்கள் பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடினர். 1962-63-ல் மொழி எல்லை சட்டமாயிற்று. 1968-ல் லூவென் பல்கலைக்கழகக் கிளர்ச்சியிலே அமைச்சரவையே கவிழ்ந்தது. வென்றனர், மகிழ்கிறோம். ஆனால் அந்நாட்டிலே அவர்கள் பெரும்பான்மையினர் என்பதை மறக்கலாமா?

அண்டை நாடாம் பிரான்சிலே பிரெத்தோன் மொழியினர் நிலை என்ன? 1977-ல் தம் முயற்சியால் 'திவான்' பள்ளிகளைத் தொடங்கினர். 1992-ல் 'குடியரசின் மொழி பிரெஞ்சு' என்ற வாசகம் அரசியல் சட்டத்தில் ஏறிற்று. 2021-ல், வட்டார மொழிகளிலேயே பாடம் கற்பிக்கும் முறையை நாடாளுமன்றம் ஏற்றது. அடுத்த மாதமே, அந்த வாசகத்தைச் சான்று காட்டி, அரசியல் சட்ட மன்றம் அவ்விதியை வீழ்த்திற்று!

அந்த மக்கள் செலவுக்கு அஞ்சினரா? உழைப்புக்குத் தயங்கினரா? இல்லை! அவர்களிடம் இல்லாதது ஆர்வமன்று, அதிகாரம். ஆசிரியரின் விதி இவர்களுக்கு வழி காட்டவில்லை. மண்ணை ஆளும் வலிமை பெற்ற மொழிக்கே மதிப்பு என்றால், அதை நீதி என்பானேன்? வெற்றிப் பரிசு என்று சொல்லிவிடலாமே!

நூலைப் படியுங்கள், தோழர்களே! உழைப்புக்கு ஈடு கேட்கும் துணிவைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு அவர் கேட்காமல் விட்டதையும் கேளுங்கள்: எண்ணிக்கையில் சிறுத்தோரின் மொழிக்கு, சட்டம் இயற்றும் மன்றத்திலே கை உயர்த்துவோர் யார்? இதற்கு விடை கிடைக்கும்வரை, மொழி நீதி பாதி நீதியே!