அயலார் முகமும் படப்பெட்டியும்

தெருவிலே செல்லும் முன்பின் அறியாத ஒருவரைப் படம் பிடித்து, அதனைக் கலையென்று காட்சிக்கு வைக்கும் வழக்கம் மேலைநாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருந்து வருகின்றது. இத்தகைய படங்களைப் போற்றுவோர் பெரும்பாலும் ஒரே காரணத்தைக் கூறுவர். பிறர் தன்னை நோக்குவதை அறியாத முகமே மெய்யான முகம். அறிந்தபின் தோன்றுவது வேடம் என்பர். இக்கூற்று பொருந்துமா என்பதைப் புகழ்பெற்ற சில படங்களைக் கொண்டு ஆராய்வோம்.

1916ஆம் ஆண்டில் பால் ஸ்டிராண்டு என்னும் அமெரிக்கர் நியூயார்க் நகரில் எடுத்த 'பார்வையற்ற பெண்' என்னும் படம் இவ்வகைக்கு முன்னோடி. கற்சுவரை ஒட்டி முதிய பெண்ணொருத்தி நிற்கிறாள். ஒரு கண் ஏறக்குறைய மூடியுள்ளது. மற்றொன்று பக்கவாட்டில் திரும்பியுள்ளது. கழுத்தில் தொங்கும் பலகையில் 'குருடு' என்னும் ஒரே சொல். அதற்கு மேலே, தெருவில் விற்பனை செய்ய நகராட்சி வழங்கிய உரிம வில்லை. அதில் 2622 என்னும் எண். அந்நாளில் ஸ்டிராண்டு தம் படப்பெட்டியின் பக்கத்தில் பொய்யான ஆடி ஒன்றைப் பொருத்தி, வேறெங்கோ நோக்குவதுபோல் நடித்துப் பலரைப் படம் எடுத்தார். இப்பெண்ணிடம் அச்சூழ்ச்சிக்குத்தான் தேவை ஏது?

படம் உயர்ந்த படம் என்பதில் ஐயமில்லை. இரக்கத்தை வருவிக்கும் பூச்சு எதுவும் அதில் இல்லை. ஓர் உயிரை ஒரு சொல்லாகவும் ஓர் எண்ணாகவும் நகரம் சுருக்கிவிட்டது என்பதை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. ஆயின், படத்திற்கு இட்ட பெயரைப் பாருங்கள். கழுத்துப் பலகையில் இருந்த சொல்லே படத்தின் தலைப்பிலும் ஏறியிருக்கிறது! நகரம் செய்ததைக் கண்டித்த கலைஞர், தாமும் அதனையே ஒருமுறை செய்து முடித்தார்.

வாக்கர் ஈவான்சு இதனினும் ஒருபடி மேலே சென்றார். 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க இரயிலில் படப்பெட்டியை மேலங்கிக்குள் மறைத்து, பொத்தான்களின் இடைவெளியில் ஆடி எட்டிப்பார்க்க, கைச்சட்டைக்குள் ஓடிய கம்பியால் விசையை இயக்கி, எதிரே அமர்ந்தவர்களைப் பதிவு செய்தார். அப்படங்கள் 1966ஆம் ஆண்டில்தான் நூலாக வெளிவந்தன. கால் நூற்றாண்டு பொறுத்திருந்தாரே, அதனைப் பாராட்டலாம். ஆனால் நூலை முழுதும் புரட்டுவோர்க்கு ஒன்று புலப்படும். பத்து முகங்களைக் கண்டபின் பதினோராவது முகம் புதிதாகத் தோன்றுவதில்லை. எல்லாம் அயர்ந்த முகங்கள். வேலை முடிந்து இரயிலில் அமர்ந்தவன் முகம் வேலையிலும் இல்லை. வீடும் போய்ச் சேரவில்லை. அதுவே அவனுடைய மெய்ம்முகம் என்று எவ்வாறு துணிவது? அயர்வு உண்மைதான்; ஆனால் அது முழு உண்மை அன்று.

இதற்கு மறுதலையாகச் செருமானியர் ஆகுசுட்டு சாண்டர் எடுத்த படங்களைக் காண்க. அவர் எவரையும் ஒளிந்து எடுக்கவில்லை. தம் முன் நிற்கச் செய்தே எடுத்தார். 1928ஆம் ஆண்டின் அடுமனைக்காரர் படத்தில், பருத்த உடலினர் ஒருவர் கலத்தைப் பற்றியவாறு நேரே நம்மை நோக்குகிறார். தோளில் செங்கற்களைச் சுமந்து நிற்கும் கட்டடத் தொழிலாளி ஒருவரும் அவ்வாறே நோக்குகிறார். இவர்கள் முகத்தில் வேடம் இல்லையா? உண்டு. ஆனால் மனிதன் தன்னை எவ்வாறு காட்ட விரும்புகிறான் என்பதும் அவனைப் பற்றிய உண்மையே அன்றோ! பள்ளியில் ஆண்டுப்படம் எடுக்கும் நாளில் எண்ணெய் தேய்த்து வாரிய தலையும் விறைத்த தோளுமாய் நிற்கும் சிறுவனைப் பார்த்து நாம் சிரிப்பதுண்டு. அவ்விறைப்பில் அவன் தாயின் உழைப்பும் இருக்கிறது, அவன் ஆசையும் இருக்கிறது. ஒளிந்து எடுத்தால் இவ்விரண்டும் கிட்டா. சாண்டர் வெளியிட்ட 'காலத்தின் முகம்' என்னும் நூலின் அச்சுத் தகடுகளை இட்லரின் ஆட்சி 1936இல் அழித்தது. கேட்டு எடுத்த முகங்களும் ஓர் ஆட்சியின் கண்ணை உறுத்தின என்பதை மறவாதிருப்போம்.

எனின், இசைவு பெற்றுவிட்டால் போதுமா? அதுவும் போதாது. 1936 மார்ச்சு மாதத்தில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரில், பட்டாணி பறிக்க வந்தோர் முகாமில், டொரொத்தியா லாங்கு ஓர் ஏழைத் தாயைப் படம் எடுத்தார். படம் ஒளிவுமறைவின்றியே எடுக்கப்பட்டது. செய்தித்தாளில் அது வெளியானதும் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. அதற்குள் அக்குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது. அப்பெண்ணின் பெயர் புளோரன்சு ஓவன்சு தாம்சன் என்பது 1978ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரிந்தது. தம் பெயரைக்கூடக் கேட்கவில்லை, தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்று அவர் குறைப்பட்டார். லாங்குக்கும் அப்படத்தால் பொருள் சேரவில்லை, அஃது அரசின் உடைமை. ஆயினும் லாங்கின் பெயர் நின்றது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் தாயின் பெயர் நிற்கவில்லை.

நீதிமன்றங்கள் இதில் ஒருமித்து நிற்கவில்லை. 1999 முதல் 2001 வரை நியூயார்க்கின் டைம்சு சதுக்கத்தில், சாரத்தின்மேல் விளக்குகளை மறைத்து வைத்துத் தொலைவிலிருந்து பிலிப்பு-லோர்க்கா டிகார்சியா ஆயிரக்கணக்கானோரைப் படம் எடுத்துப் பதினேழைத் தெரிந்துகொண்டார். அவருள் ஒருவரான யூத முதியவர், தம் சமயநெறிக்கு இது மாறு என்று வழக்குத் தொடுத்தார். இது கலை என்று கூறி 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. கனடாவிலோ, படிக்கட்டில் அமர்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணின் படத்தைக் கேளாமல் வெளியிட்டதற்கு 2000 டாலர் இழப்பீடு தரவேண்டும் என்பதை 1998இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. சட்டம் அவ்வளவே, இதற்குமேல் அதனிடம் விடை தேடுதல் வீண்.

நம் இலக்கணம் இவ்விடத்தில் ஒன்று கூறுகின்றது. அகத்திணையில் ஒருவரைப் பெயர் சுட்டிப் பாடலாகாது என்பது தொல்காப்பியர் விதி. அங்கே பெயரும் இல்லை, அடையாளம் காட்டும் முகமும் இல்லை. ஆதலின் தலைவியின் துயர் வெளிப்பட்டாலும் அவள் காக்கப்படுகிறாள். தெருப்படத்திலோ முகம் வெட்டவெளியில் நிற்கிறது. பெயர் மட்டுமே மறைகிறது. பெயரின்மை அங்கே காவல்; இங்கே இழப்பு.

இது எங்கோ அமெரிக்காவின் பேச்சு என்று ஒதுக்க நமக்கு இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரில் லாம்பர்ட்டு நிறுவனம் போன்ற படநிலையங்கள் இந்நாட்டு மக்களை 'வகை வகையாக'ப் படம் எடுத்து விற்றன. பின்னர் அஞ்சலட்டைகளும் பெருகின. மாட்டுவண்டி ஓட்டுபவர், மூக்குத்தி அணிந்த பெண், பால்மரம் வெட்டுபவர் என நம் முன்னோர் அவற்றில் நிற்கின்றனர். கீழே 'கிளிங்' என்றோ 'தமிழ்க் கூலி' என்றோ அச்சிட்டிருக்கும். நான் கண்ட அட்டைகளில் ஒன்றிலேனும் நிற்பவர் பெயர் இல்லை. முகத்தைக் கூர்ந்து நோக்கினால் சிலர் படப்பெட்டியைச் சினத்துடனே பார்ப்பது தெரியும்.

இன்று தோட்டத்துக்கு வரும் விருந்தினர் ஒவ்வொருவர் கையிலும் படமெடுக்கும் தொலைபேசி இருக்கிறது. நம் மாணவரிடமும் இருக்கிறது. படம் எடுக்குமுன் பாட்டியிடம் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளும் பயிற்சியைக் கட்டுரைப் பாடத்தோடு சேர்த்தே கற்பிக்கலாம். பழைய அட்டைகளை வைத்திருக்கும் ஆசிரியர்கள், தோட்டத்துப் பெரியவர்களிடம் அவற்றைக் காட்டி, யாரேனும் அடையாளம் கூறினால் பென்சிலால் பின்புறம் குறித்து வைப்பார்களாக. மையால் எழுதினால் ஊறி முன்புறம் கெட்டுவிடும்.