விளையாட்டாய்க் கடிக்கும் குட்டி: ஸ்ரீரங்கத்திலும் யாழ்ப்பாணத்திலும்

ஸ்ரீரங்கத்துக்குப் பூனைக்குட்டி புதிதல்ல. தாய்ப்பூனை தன் குட்டியைக் கவ்வித் தூக்கிப் போவது போல இறைவன் தானே வந்து அடியாரைக் காப்பான் என்பது தென்கலை வைணவர் போற்றும் மார்ஜார நியாயம். அந்தச் சிந்தனையை வளர்த்த பிள்ளை லோகாசாரியர் வாழ்ந்த ஊர் இது. பிடரியில் கவ்வப்பட்ட குட்டி காலை மடக்கிக்கொண்டு அசையாமல் தொங்கும். பார்ப்பவருக்குப் பரம சாது என்றே தோன்றும். தரையில் இறங்கியதும் கதை மாறிவிடும். கதவிடுக்கில் பதுங்கியிருந்து கணுக்காலில் பாயும். முன்கால்களால் கையைக் கட்டிக்கொண்டு, பின்கால்களால் உதைத்தபடியே கடிக்கும்.

அரங்கன் தெற்கு நோக்கி, விபீஷணனின் இலங்கையைப் பார்த்தபடி பள்ளிகொண்டிருப்பதாக ஐதீகம். அந்த இலங்கையின் வட முனையில், யாழ்ப்பாணத்து வீடுகளிலும் இதே கடி, இதே கீறல்தான். இரண்டு ஊரும் அதைச் சமாளிக்கும் விதத்தில்தான் வேறுபாடு.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்திர வீதியின் பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளவாக்கில் போகும். இங்கே குட்டி பெரும்பாலும் ஒற்றையாகத்தான் வந்து சேர்கிறது. பாலை நக்கிக் குடிக்கத் தொடங்கிவிட்டால் போதும், ஐந்தாறு வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கடியின் அளவை ஒரு குட்டி கற்றுக்கொள்வது அதற்குப் பிறகுதான். உடன்பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திக்கொண்டு விலகிவிடும், ஆட்டம் நின்றுபோகும். தாயைக் கடித்தால் ஓர் அடி விழும். இந்தப் பாடம் முடிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை குட்டி தாயோடு இருக்க வேண்டும். பாதியில் பிரிக்கப்பட்ட குட்டிக்கு மிஞ்சுவது மனிதக் கைதான். அந்தக் கையையே விரல் ஆட்டி ஆட்டி இரையாகக் காட்டுகிறோம். இரண்டு மாதத்தில் கூச்சமாக இருந்த கடி, ஆறாவது மாதத்துக்குள் பால்பற்கள் விழுந்து நிலையான பற்கள் வந்ததும் இரத்தம் பார்க்கும். அப்போது அடிப்பது நியாயமே இல்லை.

யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றிய வளவில் இந்தப் பாடத்தைப் பெரும்பாலும் தாய்ப்பூனையே நடத்திவிடுகிறது. விறகுக் கொட்டிலில் போட்ட குட்டிகள் மூன்று நான்கு சேர்ந்தே வளரும். கிணற்றடி, வேலியோரம், தென்னையடி எல்லாம் அவற்றின் ஆடுகளம். ஓணானும் அணிலும் துரத்தக் கிடைக்கின்றன, மீன் வெட்டுமிடத்தில் தலையும் செதிலும் கிடைக்கின்றன. ஊனுண்ணியான விலங்குக்குப் பாலும் தயிர்சாதமும் தரமுடியாத நிறைவு அது. தென்னையிலிருந்து உதிர்ந்த குரும்பட்டி ஒன்றை உருட்டிவிட்டால் அரை மணி நேரம் கையைத் தேடி வராது. ஆனால் வளவின் பெருமையை அளவோடுதான் பேச வேண்டும். வேலி தாண்டும் குட்டி வாகனத்தில் அடிபடுகிறது, தெருநாயிடம் மாட்டுகிறது.

ஸ்ரீரங்கம் என்ற திருச்சியின் கோயில் நகருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வீட்டு வாசலில் பூத்தொடுப்பவரின் மடியிலிருந்து தொங்கும் வாழைநாரும் நூலும் குட்டிக்கு ஓடும் எலிவால். இழுத்து விளையாடுவது பார்க்க அழகுதான். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பூனையின் நாக்கு முட்கள் உள்நோக்கி வளைந்தவை என்பதால் நூலைத் துப்ப அதற்கு வராது. ஒரு முனை நாக்கடியில் சிக்கி, மறுமுனை குடலுக்குள் போனால் குடல் சுருண்டு அறுபடும். வாயில் நூல் தெரிந்தால் பிடித்து இழுக்கக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். நாரை ஆட்டத்தின்போது மட்டும் எடுத்து, முடிந்ததும் பெட்டிக்குள் வைத்து மூடுவதே சரி.

இதையெல்லாம் நாட்டின் குணமாக எழுதிவிட முடியாது. திருச்சி தில்லைநகர் அடுக்ககத்தில் வளரும் குட்டியும் கொழும்பு வெள்ளவத்தை அடுக்ககத்தில் வளரும் குட்டியும் ஒரே மாதிரிதான் பாய்கின்றன. இரண்டு இடத்திலும் வைத்தியம் ஒன்றே. கடித்ததும் கையை வெடுக்கென்று இழுக்காமல் அசைவை நிறுத்தி, எழுந்து போய்விட வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று முறை, குச்சியில் கட்டிய துணியைத் துரத்தவிட்டு, கடைசியில் அதைப் பிடிக்கவும் விட்டு, உடனே சோறு வைக்க வேண்டும். முடிந்தால் இரண்டு குட்டிகளாக வளர்ப்பது இன்னும் நல்லது. பிடரியைப் பிடித்துத் தூக்குவது தாய்ப்பூனைக்கு மட்டும், அதுவும் குட்டி சின்னதாக இருக்கும்வரை. வளர்ந்த குட்டியை மனிதர் அப்படித் தூக்கினால் அது பயத்தில் இன்னும் கடிக்கும்.

நாடு உண்மையில் குறுக்கே வருவது கடிபட்ட பிறகு. வெறிநோய் இரண்டு நாட்டிலும் இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் 300க்கு மேல் இருந்த ஆண்டு இறப்பு, அண்மைக் காலத்தில் 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. பெரும்பங்கு நாயால்தான் என்றாலும் பூனைக்கும் அதில் இடமுண்டு.

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது இரு நாட்டுக்கும் பொது. அதன் பிறகு இந்திய விதி, வெறிநோய்த் தடுப்பூசியை உடனே தொடங்கச் சொல்கிறது. கடித்த பூனையை 10 நாள் கவனித்து, அது நலமாக இருந்தால் மீதி ஊசிகளை மாற்றியமைக்கலாம். இலங்கையில் கவனிப்புக் காலம் 14 நாள். பூனைக்கு ஆண்டுக்கொன்றாகக் குறைந்தது இரண்டு தடுப்பூசி போட்ட பதிவு இருந்து, அது சுகமாகவும் இருந்தால், கடிபட்டவருக்கான ஊசியைத் தள்ளிவைத்துக் கவனிக்க மருத்துவர்கள் அனுமதிப்பதுண்டு. முறையாகத் தடுப்பூசி போடும் வீட்டுக்கு இது நல்ல ஊக்கம். ஆனால் நான்கு மாதக் குட்டிக்கு அப்படியொரு பதிவு இருக்க வழியே இல்லை. அதிகம் கடிப்பதோ அந்த வயதுக் குட்டிதான். ஆக, குட்டி விஷயத்தில் இரு ஊரும் ஒரே வாசலுக்குத்தான் போக வேண்டும்.

குட்டியைத் துரத்திவிடுவார்களோ என்று பயந்து கீறலைச் சட்டைக் கைக்குள் மறைக்கும் பிள்ளைகள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். குட்டி எங்கும் போகாது என்று அவர்களிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். திருச்சி அரசு மருத்துவமனையிலும் சரி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் சரி, அந்த ஊசிக்குக் காசு கிடையாது.