கற்பிட்டிக் கரையும் ஜேன் ஜேக்கப்ஸின் நகரமும்

புதுமுயற்சிகள் பிறக்கத்தக்க நகர்ப்பகுதியை எவ்வாறு அமைப்பது என்னும் வினா இன்று திட்டமிடுவோரிடையே பெருவழக்காகிவிட்டது. பார்சலோனாவின் பழைய ஆலைப்பகுதி 2000ஆம் ஆண்டு முதல் தொழிலகமும் குடியிருப்பும் கலந்த வட்டாரமாக மாற்றப்பட்டமை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும். எனினும் இச்சிந்தனையின் வேர், ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க மாநகரங்களின் மரணமும் வாழ்வும் பற்றி 1961இல் எழுதிய நூலிலே உள்ளது. வட்டாரமொன்று உயிர்ப்புடன் விளங்க நான்கு நிபந்தனைகளை அவர் வகுத்தார்: பயன்பாடுகளின் கலப்பு, குறுகிய தெருத்துண்டங்கள், பல்வேறு வயதுடைய கட்டடங்கள், போதிய மக்கட்செறிவு. இவற்றுள் மூன்றாவதே கூர்மையானது. புதுக் கட்டடத்தின் வாடகையைப் புதுமுயற்சி தாங்காது. அதற்கு மலிவான பழைய இடம் வேண்டும் என்பது அவர் வாதம்.

நியூயோர்க் தெருக்களைக் கண்டு எழுதப்பட்ட இக்கருத்து, புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டுக்குப் பொருந்துமா? பொருந்தும் என்பதற்குக் கடலிலேயே சான்றுண்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாயிருக்கும் காலத்தில், ஓங்கில் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளை மீன்பிடிப் படகுகளே ஏற்றிச் செல்கின்றன. படகும் இயந்திரமும் மீன்பிடிக்கென வாங்கப்பட்டவை. ஓட்டுபவர் அக்கடலின் போக்கறிந்தவர். எனவே புதுத்தொழிலுக்கு வேண்டிய முதல் மிகக் குறைவு. (பல படகுகள் ஒரே ஓங்கிற் கூட்டத்தைத் துரத்துவது தனியே ஆராயவேண்டிய கேடு.) ஜேக்கப்ஸ் பழைய கட்டடத்திற் கண்டதை இக்கரை பழைய படகிற் கண்டது. மீனவர் வாடியும் விருந்தினர் விடுதியும் அருகருகே இருந்தமையே இதனை இயல்வித்தது.

இந்நோக்கில், 14 தீவுகளை உள்ளடக்கி வகுக்கப்பட்ட கற்பிட்டி ஒருங்கிணைந்த உல்லாசப் பயணத் திட்டம் குறைபாடுடையது. ஒருங்கிணைப்பு அதன் பெயரில் மாத்திரமே உண்டு. விடுதிகளுக்கென நிலத்தைத் தனித்தனியே ஒதுக்குவதே அதன் அடிப்படை. கரையும் கரைக்குச் செல்லும் வழியும் பறிபோகுமெனக் கடற்றொழிலாளர் எதிர்த்தமை வியப்பன்று.

ஆயின் ஜேக்கப்ஸிடமும் ஓர் இடைவெளி உண்டு. வெற்றிபெற்ற வட்டாரம் தன் பன்மையைத் தானே அழிக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நில உரிமையோ அவர் சிந்தனையின் மையத்தில் இல்லை. பருவந்தோறும் வந்து வாடியமைப்போர் பலரிடம் உறுதிப்பத்திரம் இல்லை. கருவாடு காயும் மணற்றரை வரைபடத்தில் வெற்று நிலமாகவே தோன்றும். கரைவலை இழுப்போர்க்கு எவ்வளவு கரை வேண்டுமென அவர்களிடமே கேட்டறிந்து, அதனைச் சட்டத்தில் பதிந்த பின்னரே, விடுதியின் வேலி எங்கே நிற்கலாமெனத் தீர்மானிக்க முடியும்.