பார்த்தவரும் படித்தவரும்

பழங்குடிக் கிராமம் ஒன்றில் அரசு ஊழியர்கள் நடத்திய வன்கொடுமைகள் பற்றிய வாச்சாத்தி வழக்கின் மேல்முறையீட்டில் 2023 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அந்தக் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததைப் பலரும் மெச்சினார்கள். மெச்சத் தக்கதுதான். ஆனால் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை எழுதிய எஸ். குமரகுருவின் பெயர் இன்று எத்தனை பேர் நாவில் இருக்கிறது? வாச்சாத்திப் பெண்கள் கூண்டில் ஏறிப் பேசியது தருமபுரியில். புகழ் போய்ச் சேர்ந்தது சென்னைக்கு.

மேலே போகப் போகப் பார்வை தெளியும் என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. ‘மேல்முறையீடு இருக்கிறதே, தப்பு நடந்திருந்தால் அங்கே சரியாகிவிடும்’ என்று வழக்கறிஞர்களும் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதக்காரர்களும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனை உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேறாது என்பது பெரிய காப்பு. சட்டத்துக்கு மாவட்டத்துக்கொரு பொருள் முளைக்காமல் தடுப்பதும், உள்ளூர் நெருக்கடிக்கு வளைந்த தீர்ப்பை நிமிர்த்துவதும் மேலமை நீதிமன்றங்கள்தாம். ஆவணங்களை யார் படித்தாலும் எழுத்து ஒன்றுதான். (எண்களுக்கு அந்த உத்தரவாதமும் இல்லை. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கடன் தொகைகளைக் கூட்டியதிலேயே பிழை. 2017இல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பையே மீட்டுத் தந்தது.)

என் பழைய மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. சாட்சியைப் பார்த்தவர் ஒருவர்; அவரை நம்பலாமா என்று கடைசியாக முடிவெடுப்பவர் இன்னொருவர்.

அமர்வு நீதிமன்றத்தில் ஒரு சாட்சியம் எப்படிப் பதிவாகிறது என்று பாருங்கள். கூண்டில் நிற்கும் பெண் தன் ஊர்ப் பேச்சில் சொல்கிறார். தயங்குகிறார், எதிரி நிற்கும் பக்கம் ஒருமுறை பார்க்கிறார், பிறகு சொல்கிறார். நீதிபதி அதைக் கேட்டு, எழுத்துத் தமிழாக்கி, தட்டச்சருக்குச் சொல்கிறார். கேள்வி போய்விடுகிறது, பதில் மட்டும் நிற்கிறது. சாட்சியத்தைக் கோவையான கூற்றாகவே பதிய வேண்டும் என்பது சட்டத்தின் பொதுவிதி. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கால் மணி நேரம் மடக்கி மடக்கிக் கேட்டது, ‘நான் பொய் சொல்கிறேன் என்றால் சரியல்ல’ என்று ஒரு வரியில் முடிகிறது. எந்த மாவட்டத்து வழக்குக் கட்டைப் பிரித்தாலும் எல்லாச் சாட்சிகளும் ஒரே குரலில் பேசுவது இதனால்தான். மேல்முறையீட்டைக் கேட்கும் அமர்வில் தமிழ் அறியாத நீதிபதி இருந்தாலோ, வழக்கு டெல்லிக்குப் போனாலோ, அந்த ஒரே குரலும் ஆங்கிலமாகிவிடுகிறது.

இந்த இழப்பைச் சட்டம் அறியாமல் இல்லை. சாட்சியின் நடத்தை பற்றி முக்கியமாகத் தோன்றுவதைக் குறித்துவைக்கும்படி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு நீதிபதிக்குச் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 315. அப்படியொரு குறிப்பைக் காண்பது அரிது. எழுதுவானேன்? அரசமைப்பின் 235ஆம் பிரிவுப்படி மாவட்ட நீதிபதிகளின் மேல் கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்துக்கு. தீர்ப்பைத் திருத்துகிற கைதான் பணிக் குறிப்பேட்டிலும் எழுதுகிறது. ‘இந்தச் சாட்சி பயந்தார், ஆனால் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது’ என்று எழுதி ஒரு கண்டன வரியை ஏன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்? வாக்குமூலத்தைப் பக்கம் பக்கமாக எடுத்தெழுதி, முன்தீர்ப்புகளை அடுக்கினால் பாதுகாப்பு. பார்த்தவர் பார்த்ததை எழுதுவதில்லை. படிப்பவர், எழுதாதது நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்.

1934இல் ஷியோ ஸ்வரூப் வழக்கில் பிரிவி கவுன்சில் இதைச் சொல்லிவிட்டது: விடுதலைக்கு எதிரான மேல்முறையீட்டில் சாட்சியத்தை மறுபடி எடைபோட முழு அதிகாரம் உண்டு, ஆனால் சாட்சிகளின் நம்பகத்தன்மை பற்றி விசாரணை நீதிபதி கொண்ட கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும். 2007இல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நெறிகளை மீண்டும் தொகுத்தது. எடுத்துக்காட்டாத தீர்ப்பு குறைவு. எடுத்துக்காட்டிவிட்டு அடுத்த பத்தியிலேயே சாட்சியைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டில் கை இன்னும் தாராளம்.

அந்தத் தாராளம் எதுவரை போகும் என்பதற்குக் கீழ்வெண்மணிக்கு மேல் சான்று வேண்டாம். 1968 டிசம்பர் 25 இரவில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்தார்கள். விசாரணை நீதிமன்றம் மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. அத்தனை நிலமும் செல்வமும் உள்ளவர்கள், ஒருவருக்குக் காரே இருக்கும்போது, தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. தப்பிப் பிழைத்தவர்களின் வாய்மொழிக்கு எதிரே, மிராசுதார் எப்படி நடந்துகொள்வார் என்ற நீதிபதியின் ஊகம் நின்றது, ஊகம் ஜெயித்தது. காகிதத்தில் மனிதர் இல்லாத இடத்தை, படிப்பவர் தன் வர்க்கத்தின் உலக அறிவால் நிரப்பிக்கொள்கிறார். இதைச் சட்ட மொழியில் மறுமதிப்பீடு என்கிறோம்.

முகத்தைப் பார்த்து உண்மை காண முடியுமா என்று கேட்பார்கள். அதிகாரத்தின் முன் நாக்குழறும் ஏழையைப் பொய்யர் என்று எடுத்துக்கொள்ளும் விசாரணை நீதிபதியும் உண்டுதான். நீண்ட வழக்குகளில் நீதிபதி மாறி, முன்னவர் பதிந்ததை வைத்தே அடுத்தவர் தீர்ப்பெழுதுவதும் உண்டு. அங்கே விசாரணை நீதிமன்றமே படித்தவராகிவிடுகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதிவைத்த கருத்தைச் சோதிக்கலாம், மறுக்கலாம். எழுதாத கருத்தை என்ன செய்ய முடியும்?

நேரில் பார்க்க மேலமை நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. கோகுல்ராஜ் சாதி ஆணவக் கொலை வழக்கின் மேல்முறையீட்டில், பிறழ் சாட்சியாகிவிட்ட முக்கியச் சாட்சியை 2022இல் உயர் நீதிமன்றமே வரவழைத்துக் கேட்டது. 2023இல் தண்டனையை உறுதிசெய்தது. மனம் வைத்தால் முடிகிறது, ஆனால் மனம் வைப்பது செய்தியாகிற அளவுக்கு அரிதாக இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளின் நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிய வேண்டும் என்று அச்சட்டத்தின் 15ஏ பிரிவு 2016 முதல் சொல்கிறது. மற்றக் கொடுங்குற்ற வழக்குகளுக்கும் அதை விரிக்கலாம். அதற்கு முன், பதிவு இருக்கும் வழக்குகளிலாவது, நம்பத்தக்கவர் என்று விசாரணை நீதிமன்றம் ஏற்ற சாட்சியைத் தள்ள நினைக்கும் ஒவ்வொரு அமர்வும், பதிவைப் போட்டுப் பார்த்தோம் என்று தீர்ப்பில் ஒரு வரி எழுதட்டும். பார்க்கவில்லை என்றால், ஏன் பார்க்கவில்லை என்று எழுதட்டும்.